செவ்வாய் மண் விட்ட மூச்சு



வாசகச் சகோதரி ஒருவர் கடிதம் அனுப்பியிருந்தார். "என் மகன் பத்தாம் ஆண்டில் படிக்கிறான். செவ்வாய்க் கிரகத்தில் உயிர் இருந்ததற்கு அடையாளம் கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் செய்தி வருகிறது. அடுத்த கிழமையே அப்படி ஒன்றுமில்லை என்று வருகிறது. இதில் எது உண்மை என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது?" என்று எழுதியிருந்தார்.

நல்ல கேள்வி. 'இன்னும் தெரியாது' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் 'தெரியாது' என்ற சொல்லுக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் மகனுக்கு விளங்கும்.

குசினியில் ஒரு பரிசோதனை

முதலில் நமது குசினிக்குள் போவோம். இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் கலக்கி வையுங்கள். மற்றதில் கொஞ்சம் அப்பச்சோடாவைக் கரைத்துத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இரண்டும் நுரைக்கும். இரண்டிலும் வெளிவருவது காபனீரொட்சைட்டு வாயுதான். ஆனால் முதலாவது கோப்பையில் நுரைப்பது உயிர். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணங்கி. அது சீனியைத் தின்று மூச்சு விடுகிறது. இரண்டாவது கோப்பையில் உயிரே கிடையாது. அது வெறும் இரசாயனத் தாக்கம்.

இப்போது, நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று தெரியாத ஒருவர் வந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எது உயிர், எது இரசாயனம் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

வழி இருக்கிறது. இரண்டையும் முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். கொதித்த ஈஸ்ட் செத்துவிடும். பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் நுரைக்காது. கொதித்த சோடாவோ தேசிக்காய்ப் புளி பட்டவுடன் மறுபடியும் நுரைக்கும். சூட்டில் அடங்கிப் போனால் உயிர், அடங்காவிட்டால் இரசாயனம். இதே உபாயத்தைத்தான் செவ்வாய்க் கிரகத்திலும் செய்து பார்த்தார்கள்.

தண்ணீரைச் சோதித்தவர்

கில்பேர்ட் லெவின் என்பவர் அமெரிக்காவில் சுகாதாரப் பொறியியலாளராக வேலை பார்த்தவர். குடிநீரில் அழுக்குக் கிருமிகள் கலந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே அவர் தொழில். அந்தக் காலத்தில் அந்தச் சோதனைக்கு நாட்கணக்கு எடுக்கும். முடிவு வருவதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும்.

1950களில் அவர் ஒரு விரைவான முறையைக் கண்டுபிடித்தார். கிருமிகள் விரும்பும் உணவில் கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14 ஐச் சேர்த்து, அதைச் சந்தேகத்துக்குரிய தண்ணீரில் விட்டார். கிருமி இருந்தால் அது உணவைத் தின்று வாயுவை வெளிவிடும். அந்த வாயுவில் அடையாளமிட்ட காபன் இருக்கும். அதைக் கருவி எண்ணிக் காட்டிவிடும். ஈஸ்ட்டின் நுரையைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாக அதன் மூச்சைக் கருவியால் எண்ணுகிறோம், அவ்வளவுதான்.

கிணற்றுத் தண்ணீரில் கிருமி தேடும் இந்த முறையால் செவ்வாயின் மண்ணிலும் தேடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அதை ஏற்றுக்கொண்டது. 1970இல் பெற்றீசியா ஸ்ட்ராட் என்ற பெண் விஞ்ஞானி அவருடன் சேர்ந்தார். உயிர் இரசாயனவியலில் தேர்ந்த அவர், கருவியை உருவாக்குவதிலும் அது தந்த முடிவுகளை ஆராய்வதிலும் லெவினுக்குச் சமமாக நின்று உழைத்தார்.

1976: ஆம் என்றது மண்

1976ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி வைக்கிங்-1 விண்கலம் செவ்வாயில் இறங்கியது. செப்டெம்பர் 3ஆம் திகதி வைக்கிங்-2 வேறோர் இடத்தில், பல ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தில் இறங்கியது. குழந்தையின் பால் போத்தலை நாம் அவிப்பது போல, இந்தக் கலங்களையும் புறப்படும் முன் 110 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு நாளுக்கும் கூடுதலாகச் சூடாக்கியிருந்தார்கள். நமது பூமியின் கிருமி அங்கே போய் 'நான்தான் செவ்வாய்க்காரன்' என்று ஏமாற்றிவிடக் கூடாது அல்லவா!

ஒவ்வொரு கலத்திலும் உயிரைத் தேடும் பரிசோதனைகள் மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்று லெவினும் ஸ்ட்ராட்டும் செய்தது. இயந்திரக் கை ஒரு பிடி மண்ணை அள்ளிக் கொடுத்தது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான மண்ணில் ஒரு துளி உணவு நீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கருவியின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மண் வாயுவை விட்டது!

அடுத்து, அதே மண்ணில் இன்னொரு பிடியை 160 பாகை வரை மூன்று மணித்தியாலம் சூடாக்கி, ஆறிய பின் துளியை விட்டார்கள். வாயு வரவில்லை. வைக்கிங்-2 இறங்கிய இடத்திலும் இதே முடிவு. அங்கே வெறும் 50 பாகை அளவு சூடாக்கியபோதே மண் பெரும்பாலும் அடங்கிப்போனது. இரண்டு மூன்று மாதம் இருட்டில் மூடி வைத்திருந்த மண்ணும் வாயு விடவில்லை.

புறப்படும் முன் போட்டுக்கொண்ட விதிகளின்படி இது 'ஆம்' என்ற விடைதான். குசினியில் பார்த்தோமே, அதே கணக்கு.

"உடல் எங்கே?"

ஆனால் எல்லாம் ஒத்துவரவில்லை. ஒரு கிழமை கழித்து இரண்டாவது தடவை உணவு கொடுத்தார்கள். உயிர் இருந்தால் மீண்டும் தின்று மீண்டும் வாயு விட வேண்டும். புதிதாக வாயு வரவில்லை. வந்திருந்த வாயுவிலும் ஒரு பங்கு மண்ணுக்குள் திரும்பிப் போனது. இன்னொரு பரிசோதனையில் மண்ணில் ஈரம் பட்டவுடன் ஒட்சிசன் வந்தது. இருட்டிலும் வந்தது, சூடாக்கிய மண்ணிலும் வந்தது. அது உயிரின் இலட்சணமாகத் தெரியவில்லை.

கடைசித் தீர்ப்பைச் சொன்னது நான்காவது கருவி. அது உயிரைத் தேடவில்லை, உயிர்களின் உடல் எதனால் ஆனதோ அந்தச் சேதனப் பொருளைத் தேடியது. மண்ணை 500 பாகை வரை சூடாக்கி, எழுகின்ற ஆவியை ஆராய்ந்தது. குளோரின் கலந்த சிறு சேர்வைகள் இரண்டு மட்டும் தெரிந்தன. அவை பூமியில் கருவியைக் கழுவிய திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள். மற்றபடி சேதனப் பொருள் ஒன்றுமே இல்லை.

உடலே இல்லாத இடத்தில் உயிர் எங்கிருந்து வரும்? மூச்சு விட்டது எது? இங்கேதான் மூன்றாவது கோப்பை ஒன்று நினைவுக்கு வருகிறது. காயம் கழுவ ஊற்றும் ஐதரசன் பேரொட்சைட்டு நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போத்தலைச் சூட்டில் வைத்தால் சத்துப் போய்விடும். அதாவது, உயிரில்லாத இரசாயனத்திலும் சூட்டுக்கு அடங்கும் இனம் உண்டு! செவ்வாயின் மண்ணில் அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது, அதுதான் உணவை எரித்து வாயுவாக்கியது என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள்.

லெவினும் ஸ்ட்ராட்டும் அதை அப்படியே ஏற்கவில்லை. கலங்களில் கிடைத்த முடிவை உயிரில்லாமல் உண்டாக்க முடியுமா என்று ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் தாங்களே முயன்றார்கள். எல்லா விதத்திலும் பொருந்திய இரசாயனம் அகப்படவில்லை என்றார்கள். உலகம் கேட்கவில்லை. சுமார் 100 கோடி டொலர் செலவு செய்த பின் 'செவ்வாயில் உயிர் இல்லை' என்ற வாசகம் பாடப் புத்தகங்களுக்குள் போய்விட்டது. அதன் பின் இன்று வரை, வைக்கிங் செய்தது போல மண்ணுக்கு உணவூட்டிப் பார்க்கும் பரிசோதனை எதுவும் அங்கே இறங்கவில்லை.

அந்தாட்டிக்காவிலிருந்து வந்த கற்கள்

'இல்லை' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் சம்பவம் ஒன்று வைக்கிங் புறப்படும் முன்னரே நடந்தது.

பூமியில் செவ்வாயைப் போன்ற இடம் எது என்று தேடினால், அந்தாட்டிக்காவின் வறண்ட பள்ளத்தாக்குகள்தான் கிட்ட வரும். கடும் குளிர், கடும் வறட்சி. வைக்கிங் குழுவைச் சேர்ந்த நோர்மன் ஹொரோவிட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் அங்குள்ள மண் மாதிரிகள் சிலவற்றில் நுண்ணங்கி எதுவும் இல்லை என்றார்கள். பூமியிலேயே இப்படியென்றால் செவ்வாயில் கேட்கவும் வேண்டுமா என்பது அவர்கள் வாதம்.

வுல்ஃப் விஷ்னியக் என்ற நுண்ணங்கியியலாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வைக்கிங்கில் அனுப்புவதற்கு அவரும் ஒரு கருவியைச் செய்திருந்தார். செலவைக் குறைக்க வேண்டும் என்று 1972இல் அந்தக் கருவியை நீக்கிவிட்டார்கள். பல வருட உழைப்பு வீணாகப் போன கவலையில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அந்தாட்டிக்காவுக்குப் போய் அந்த மண்ணில் உயிரைத் தேடினார். 1973 டிசெம்பர் 10ஆம் திகதி, தாம் வைத்த கருவிகளைப் பார்க்கப் போனவர் பனிமலைச் சரிவில் விழுந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 51.

அவர் பொறுக்கி வைத்திருந்த கற்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன. இம்ரே ஃபிரீட்மன் என்ற விஞ்ஞானி அந்தாட்டிக்காவின் கற்கள் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தார். கணவரை இழந்த துயரத்திலும் விஷ்னியக்கின் மனைவி ஹெலன் அந்தக் கற்களை உரியவரிடம் சேர்ப்பித்தார். ஃபிரீட்மனுடன் சேர்ந்து ஆராய்ந்தவர் பிலிப்பைன்ஸின் மணிலாவில் பிறந்த ரொசெலி ஒகாம்போ. ஆய்வுகூடத்தில் எளிதில் வளராத நுண்ணங்கிகளையும் வளர்த்தெடுக்கும் கைராசி உடையவர் என்று பேரெடுத்த பெண்மணி அவர்.

கல்லை உடைத்துப் பார்த்தபோது, மேற்பரப்புக்குச் சில மில்லிமீற்றர் கீழே பச்சைக் கோடு ஒன்று ஓடியது. நீலப்பச்சை அல்காக்கள் கல்லின் துளைகளுக்குள் குடியிருந்தன! வெளியே உறையும் காற்று. உள்ளே, வெயில் பட்டுச் சூடாகும் சில நேரங்களில் மட்டும், கொஞ்ச ஈரத்தில் வாழ்க்கை. இந்த முடிவு வெளியானது 1976 செப்டெம்பரில், வைக்கிங் செவ்வாயின் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த அதே மாதத்தில்.

மண்ணில் தேடியவர்கள் 'இல்லை' என்றார்கள். உயிரோ பக்கத்திலிருந்த கல்லுக்குள் இருந்தது. இதனால் செவ்வாயிலும் உயிர் உண்டு என்று ஆகிவிடாது. ஆனால் எங்கே பார்த்தோம், எப்படிப் பார்த்தோம் என்று சொல்லாமல் 'இல்லை' என்று மட்டும் சொல்ல முடியாது என்பது தெளிவாகியது.

உப்பு சொன்ன சாட்சி

வைக்கிங்கின் தீர்ப்பு முப்பது வருடங்களுக்கு மேல் அசையாமல் நின்றது. 2008 மே மாதம் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கியது. அது மண்ணில் பேர்குளோரேட்டு என்ற உப்பைக் கண்டுபிடித்தது. குளிரில் இந்த உப்பு சாதுவாக இருக்கும். நன்றாகச் சூடாக்கினால் ஒட்சிசனை விட்டுப் பக்கத்திலுள்ள சேதனப் பொருளையெல்லாம் எரித்துவிடும்.

இதன் பொருள் விளங்குகிறதா? வைக்கிங்கின் நான்காவது கருவி மண்ணை 500 பாகைக்குச் சூடாக்கித்தான் தேடியது. தேடப்போன பொருளைத் தேடிய கருவியே எரித்திருக்கலாம்!

மெக்சிக்கோவைச் சேர்ந்த ரஃபாயெல் நவாரோ கொன்சாலெஸ் குழுவினர் 2010இல் இதைச் செய்து பார்த்தார்கள். தென்னமெரிக்காவின் அற்றகாமா பாலைவன மண்ணில் பேர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கினார்கள். சேதனப் பொருள் எரிந்துபோனது. மிஞ்சியவற்றில், வைக்கிங் கண்ட அதே குளோரின் சேர்வைகள் இருந்தன. கழுவிய திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கியது, உண்மையில் செவ்வாயின் சேதனப் பொருள் எரிந்த சாம்பலாக இருக்கலாம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் கியூரியோசிட்டி என்ற வாகனம் மூன்று பில்லியன் வருடப் பழமையான சேற்றுப் பாறையில் சேதனப் பொருள் இருப்பதைக் கண்டதாக 2018இல் நாசா அறிவித்தது. 2025இல் அதைவிட நீளமான காபன் சங்கிலிகளும் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 'செவ்வாயில் சேதனப் பொருளே இல்லை' என்ற பழைய பேச்சு இப்போது எடுபடாது.

அப்படியானால் லெவின் வென்றுவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். அதே உப்பு மறுபக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. பேர்குளோரேட்டில் விண்வெளிக் கதிர்கள் நெடுங்காலம் பட்டால் அது சிதைந்து ஐப்போகுளோரைற்று உண்டாகும் என்றும், அது லெவினின் உணவிலிருந்து வாயுவைக் கிளப்பும் என்றும் றிச்சட் குவின் குழுவினர் 2013இல் காட்டினார்கள். ஐப்போகுளோரைற்று நமக்குப் புதியதல்ல. வெள்ளம் வடிந்த பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றில் போடும் குளோரின் தூள் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். தண்ணீரில் கிருமி தேடியவருக்கு எதிர்ச்சாட்சியாக வந்தது, தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து!

ஆம், இல்லை, மறுபடியும் ஆம்

வேறு சாட்சிகளும் இப்படித்தான். 1984இல் அந்தாட்டிக்காவின் பனியில் 1.93 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கல் கிடைத்தது. அது செவ்வாயிலிருந்து தெறித்து வந்த கல். 1996 ஓகஸ்ட்டில் டேவிட் மக்கே குழுவினர் அதில் நுண்ணங்கிகளின் சுவடு இருப்பதாக அறிவித்தபோது, ஜனாதிபதி கிளின்டனே வெள்ளை மாளிகை முற்றத்தில் நின்று அதைப் பற்றிப் பேசினார். பிறகு அந்தச் சுவடு ஒவ்வொன்றுக்கும் உயிரில்லாத விளக்கம் வந்தது. இன்று அந்தக் கல்லை உயிருக்குச் சாட்சியாக ஏற்பவர்கள் குறைவு.

ஆகக் கடைசியாக, பெர்செவெரன்ஸ் என்ற வாகனம் 2024 ஜூலையில், முன்பு ஆறு ஓடிய ஒரு பள்ளத்தாக்கில், சிறுத்தையின் தோலைப் போலப் புள்ளி விழுந்த பாறையைக் கண்டது. பூமியில் இப்படிப்பட்ட புள்ளிகளும் அவற்றிலுள்ள இரும்புக் கனியங்களும் பெரும்பாலும் நுண்ணங்கிகளின் வேலையால் உண்டாகின்றன. ஆனால் உயிரில்லாமலும் உண்டாகலாம். 2025 செப்டெம்பரில் வெளியான ஆய்வு, 'உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது' என்று மட்டும் சொல்லி நிறுத்தியது. அந்தப் பாறையில் துளைத்தெடுத்த துண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் பணச் செலவினால் தடைப்பட்டு நிற்கிறது.

லெவினிடம் இன்னொரு யோசனை இருந்தது. உயிரின் கட்டுமானப் பொருட்களான அமினோ அமிலங்கள், வலக்கை இடக்கை போல, கண்ணாடி விம்பமான இரண்டு வடிவங்களில் அமையும். நமது உடல்களும் கிருமிகளும் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே பாவிக்கின்றன. இரசாயனத்துக்கு அந்தப் பேதம் கிடையாது. எனவே இரண்டையும் தனித்தனியே மண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தால், ஒன்றை மட்டும் தின்பது உயிர், இரண்டையும் ஒன்றுபோல் எரிப்பது இரசாயனம். இந்தக் கருவியை அனுப்புங்கள் என்று அவர் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார். அது இன்னும் போகவில்லை. தாம் 1976இல் உயிரைக் கண்டதாக நம்புவதாக 2019இல், 95 வயதிலும் எழுதினார். ஸ்ட்ராட் 2020இல் காலமானார். லெவின் 2021 ஜூலையில், 97ஆவது வயதில் காலமானார். விடை தெரியாமலே இருவரும் போய்விட்டார்கள்.

மகனுக்கு என்ன சொல்வது?

சகோதரி, நமது வீடுகளில் தினமும் நடப்பதுதான். "மகன், அலுமாரியிலே உப்புப் போத்தல் இருக்கு, எடுத்து வாங்க" என்கிறோம். அவன் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உம்மா, இல்லை" என்று குரல் கொடுப்பான். நாம் போய்ப் பார்த்தால் சீனி டின்னுக்குப் பின்னால் இருக்கும். சில வேளை உண்மையிலேயே முடிந்தும் போயிருக்கும். ஆனால் டின்னை நகர்த்திப் பார்க்கும் வரை 'காணவில்லை' என்றுதான் அவன் சொல்லலாம். 'இல்லை' என்பது வேறு வார்த்தை.

செவ்வாய் விடயத்தில் இரண்டு பக்கத்தாரும் அந்த வார்த்தையில்தான் தடுக்கினார்கள். 1976இல் பெரும்பான்மையினர் 'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். மறுபக்கத்தில் லெவின், 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்றார். மண் அன்று மூச்சு விட்டது உண்மை. அது உயிரின் மூச்சா, உப்பின் மூச்சா என்பதற்கு இன்னும் தீர்ப்பு இல்லை. விஞ்ஞானிகளில் கூடுதலானோர் இரசாயனத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்பதையும் மகனுக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி இப்படிச் செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். எதைப் பார்த்தார்கள்? உயிரில்லாமலும் அது உண்டாகுமா? அதைச் சோதிக்க வழி இருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்கும் பிள்ளை செவ்வாயைப் பற்றி மட்டுமல்ல, பக்கத்து வீட்டைப் பற்றி வரும் கதையிலும் ஏமாற மாட்டான்.

நேரம் கிடைத்தால் ஒரு லீவு நாளில் அந்த இரண்டு கோப்பைகளையும் அவன் கையாலேயே கலக்க விடுங்கள். மேசையைத் துடைக்கும் வேலை உங்களுக்கு வரும், பரவாயில்லை.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.